கலவன் பிடுங்கிய பாத்தி

ஆகஸ்ட் 18

இந்த நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு, ஷெர்லி. உட்கார்ந்ததற்கு என்பதுகூடப் பொய். சமையல் மேடையில் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். அறையில் விளக்கைப் போட்டால் மகள் ஓவியா விழித்துக்கொள்வாள். கையெழுத்து கோணினால் திட்டாதே.

எம்.எஸ்ஸி.யில் விதை பொறுக்கப் போன நாள்களில் ஒரே நோட்டில் நீ ஒரு நாள், நான் ஒரு நாள் எழுதுவோமே, ஞாபகமிருக்கிறதா? அடுத்தவளுக்குப் புரியாமல் எழுதினால் பரோட்டா வாங்கித் தர வேண்டும் என்று விதி. நீ இப்போது ஜோத்பூரில் ஆராய்ச்சி, நான் காங்கேயத்தில் இரண்டும் கெட்டான். விதி மட்டும் அப்படியே இருக்கட்டும். எழுதிச் சேர்த்துவைத்து மொத்தமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நான் சேர்ந்திருக்கும் அறக்கட்டளையில் எனக்குக் கொடுத்த வேலை பன்னிரண்டு ஏக்கர் கொரங்காடு. வேலியில் முள்கிளுவை, உள்ளே கொழுக்கட்டைப் புல், மேய மாடு என்று ஒரு காலத்தில் இருந்த நிலம். சீமைக்கருவேலம் ஏறி நாசமாய்ப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்தாயிற்று. ஐப்பசி மழைக்குள் புல் விதைத்தாக வேண்டும்.

நாம் ஏழு இடத்தில் பொறுக்கி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்ட கொழுக்கட்டைப் புல் விதையில் என் பாதியை ஆனியிலேயே நாற்றுப் பாத்தியில் போட்டுவிட்டேன். கையில் ஒரு மணிகூட மிச்சம் வைக்கவில்லை. ஏழும் முளைத்துவிட்டன. ஒரே மண், ஒரே தண்ணீர். வாய்க்கால் ஓரத்து விதை இடுப்பு உயரம். கரட்டு விதை, அந்தப் பாறை மேட்டில் பொறுக்கியது, முழங்காலுக்கும் கீழே, தரையோடு தரையாகப் படர்ந்து, சாம்பல் பூத்த இலையோடு நிற்கிறது. நல்ல தண்ணீர் குடித்தும் குட்டைதான். ஊட்டம் போதாமல் குறுகிய புல் இல்லை அது. அதன் பிறவி அப்படி. ஒரு தூரைத் தோண்டிப் பார்த்தேன். மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு வேர் கீழே!

சந்தோஷத்தில் கத்தினேன். வேலைக்கு வரும் மாராத்தா பயந்துபோய், "என்னங்க அம்மிணி, பாம்பா?" என்றாள்.

ஆகஸ்ட் 21

ஓவியா இன்றும் நடக்கவில்லை. தவழ்கிறாள், பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்கிறாள். பதினாறு மாதம் ஆகப்போகிறது.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது நங்கையா. என் வீட்டுக்காரர் சதீஷின் அக்கா, அடுத்த வீடு. அவளுடைய மகன் தர்ஷனும் ஓவியாவும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அவன் பத்தாம் மாதமே நடந்து, இப்போது கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். நான் அழைத்துவரப் போகும் நேரமாகப் பார்த்து, நங்கையா அவனை வாசலில் ஓடவிடுகிறாள். வேண்டுமென்றேதான். "ஓடாதடா சாமி, பாப்பா மேல உழுந்துருவ" என்று ஒரு நடிப்பு வேறு.

வீட்டுக்கு வந்து ஓவியாவைச் சுவரோரம் நிற்கவைத்தேன். உட்காரப் பார்த்தாள், தூக்கி நிறுத்தினேன். அழுதாள். அழட்டும். பழகினால்தான் கால் வலுக்கும்.

"அவளா நடப்பா, உடேன்" என்றார் சதீஷ், போனிலிருந்து தலையைத் தூக்காமல். இவருக்கு என்ன, திருப்பூரில் பனியன் எண்ணிவிட்டு வந்தால் வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 27

எங்கள் இயக்குநர் திருமூர்த்தி சாரைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. முப்பது வருடம் நெல் விதைப் பண்ணையில் இருந்தவர். கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

இன்று பாத்தியைப் பார்க்க வந்தார். ஏழு இடத்து நாற்றையும் நான் ஒவ்வொரு பாத்தியிலும் கலைத்துப்போட்டு நட்டிருக்கிறேன். அப்போதுதான் ஒன்றுக்கு நல்ல மண், ஒன்றுக்குச் சரளை என்று ஓரவஞ்சனை வராது. ஒவ்வொரு தூருக்கும் ஒரு குச்சி, குச்சியில் பெயிண்டால் ஓர் எண். ஆகவே நெட்டை, குட்டை, நடுத்தரம், நெட்டை என்று பாத்தி இடையிடையே பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

"ஏம்மா, என்ன இது, இத்தன கலவன்?" என்றார்.

விதைப் பண்ணையில் நெல் கதிர் விடும் சமயம் ஆள்களை வயலுக்குள் இறக்கி, உயரத்திலோ நிறத்திலோ மாறி நிற்கும் பயிரை எல்லாம் பிடுங்கி எறிவார்கள். அதற்குப் பெயர் கலவன். அதைப் பிடுங்கினால்தான் விதைக்குச் சான்று கிடைக்கும்.

"கலவன் இல்ல சார். எல்லாம் கொழுக்கட்டைப் புல்லுதான். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடம்."

"இனம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் சார், ஆனா..."

"அப்புறம் என்னம்மா ஆனா? நம்ம பண்ணையில வாய்க்கால் விதை மூட்டை மூட்டையா கெடக்குது. நல்லா நெட்டையா, பச்சையா. பன்னெண்டு ஏக்கருக்கும் அதையே போட்ரலாம்."

கீழ்க்காட்டில் போடுங்கள், அங்கே ஈரம் நிற்கும். மேல் மேடு வெறும் ஓடைக்கல்லும் சுக்காங்கல்லும், அங்கே அந்தப் புல் ஒரு கோடை தாங்காது என்றேன். பெரும்பாலும் தாயை அச்செடுத்த மாதிரி விதை கட்டுகிற புல் இது, ஒரு தாய் தொலைந்தால் அந்தக் குணம் அதோடு போச்சு என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார். கடைசியில் சொன்னார்: "நீங்க நம்பர் குடுத்தீங்களே, உங்க ஃப்ரெண்டு ஷெர்லி, அவங்ககிட்டயும் போன்ல பேசினேன். 'ஸ்பீஷிஸ் ஒண்ணுதான் சார், பிரச்சினை இல்ல'ன்னுட்டாங்க."

சொன்னாயா, ஷெர்லி?

அந்தக் கரட்டில் வெயிலில் மயக்கம் போட்டு விழுந்தவள் நீ. உன் முகத்தில் தண்ணீர் தெளித்தவள் நான். அந்த விதையைப் பற்றி அப்படிச் சொன்னாயா?

செப்டம்பர் 7

பதினாறு மாத ஊசி. ஊசி போட்ட டாக்டரம்மாவிடம் கேட்டேன், ஏன் இன்னும் நடக்கவில்லை என்று. காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், தரையில் விட்டுப் பார்த்தார். ஓவியா அவருடைய செருப்பைப் பிடித்துக் கடிக்கப் போனாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஒம்போது மாசத்துல நடக்கறதும் இருக்கு, பதினெட்டு மாசம் வரைக்கும் இழுக்கறதும் இருக்கு. எல்லாமே நார்மல்தான். எல்லாக் குழந்தையும் ஒரே நாள்லயா நடக்கும்?"

என்ன பதில் இது! வெளியே ஐம்பது பேர் காத்திருந்தால் இப்படித்தான் ஒரு வார்த்தையில் துரத்துவார்கள். வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும். வரும் வழியில் ஒரு நடைவண்டி வாங்கினேன்.

செப்டம்பர் 8

ஊசிக் காய்ச்சல். நாளை வேலைக்குப் போக முடியாது. கரட்டுப் புல் கதிர் விட்டு மணி முற்றுகிற நேரம். இன்னும் ஒரு வாரத்தில் உருவிவிடலாம்.

செப்டம்பர் 10

ஓவியாவுக்குக் காய்ச்சல் விட்டது. 

காலையில் போனேன். பாத்தி அழகாக இருந்தது. ஒரே உயரம், ஒரே பச்சை, சீவி விட்ட தலை மாதிரி. ஒரு கணம் வேறு யாருடைய பாத்திக்கோ வந்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஓரத்தில் என் குச்சிகளை எல்லாம் கட்டாகக் கட்டி, பத்திரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள். கட்டை அவிழ்த்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன்.

மாராத்தா முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தீங்களா அம்மிணி? நேத்து நாலு பேரு எறங்கி ஒரே நாள்ல முடிச்சுப்போட்டோம். சாரு சொன்னாருங்க, பன்னெண்டாந் தேதி மெட்ராசுல இருந்து பணங் குடுக்கறவிய வாராங்க, கலவனப் பூரா எடுத்துருங்கன்னு. உங்குளுக்கும் வேல மிச்சமுங்க."

"புடுங்கினது எங்க?"

"எதுங், குட்டையா? அது எதுக்காவுதுங்க?"

"எங்க மாராத்தா?"

என் குரலுக்கு அவள் சிரிப்பு நின்றது. "வீணாப் போவுதேன்னு ஆட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டனுங்க. ஒரு சிம்பு மிச்சம் வெக்காம தின்னுபோட்டுதுங்க. அதுக கூடவே ரண்டு நெட்டையும் கெடந்துது, அதெ மோந்துகூடப் பாக்குல." கொஞ்சம் யோசித்து, "அத்தன வெலை கூடின புல்லுங்களா அது?" என்றாள்.

அவளைத் திட்ட எனக்கு என்ன உரிமை? ஆனாலும் திட்டினேன். பிறகு ஆபீசுக்குப் போய்ச் சாரைத் திட்டினேன்.

"ஒரு கலவன் இருந்தா மொத்த விதை லாட்டையும் தள்ளுபடி பண்ணுவாங்கம்மா. முப்பது வருஷத்துல என் லாட்டு ஒண்ணுகூடத் தள்ளுபடி ஆனதில்ல" என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு. "பாத்தி இப்பத்தான் பாத்தியாட்ட இருக்கு. போட்டோல பாருங்க."

"இது விதைப் பண்ணை இல்ல சார்! காடு!"

"கத்தாதீங்கம்மா. கொழந்தைக்குக் காச்சல்னு நீங்க டென்ஷன்ல இருக்கீங்க."

இதுதான், ஷெர்லி. இதுதான் என்னைக் கொன்றது. புல்லுக்காகக் கோபப்பட்டாலும் பிள்ளைக் காய்ச்சல் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

செப்டம்பர் 11

இன்று எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

செப்டம்பர் 12

வந்தார்கள். கைதட்டினார்கள். "சோ யூனிஃபார்ம்!" என்றாள் ஓர் அம்மாள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை நாற்றுக் கொட்டகைத் தரை துடைக்கக் கொடுத்துவிட்டேன். மாராத்தா துடைக்காமல் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனாள். நல்லதுதான்.

செப்டம்பர் 15

கரட்டிலிருந்தே மறுபடியும் பொறுக்கிக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ஞாயிறு என்பதால் ஓவியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். தர்ஷனை ஓடவிட்டுக் காட்டுவாள் என்று நங்கையாவிடம் விடவில்லை. கோபம்.

கரடு இல்லை, ஷெர்லி. பாதியை வழித்து எடுத்துவிட்டார்கள். மீதியில் செம்மண் கொட்டிச் சமன் செய்து, வெள்ளைக் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டியிருக்கிறார்கள். நீ மயங்கி விழுந்த பாறை இருந்த இடத்தில் நகர் என்று முடியும் ஒரு பெயர்ப்பலகை. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பையன் எழுந்து ஓடிவந்தான்.

"வாங்க மேடம், கார்னர் சைட்டே இருக்குது. பாப்பா பேர்ல போட்டுரலாமா?"

"இங்க புல்லு இருந்துச்சே?"

"எல்லாம் கிளீன் பண்ணிட்டோம் மேடம். சுத்தமா இருக்கும்."

அந்த வெயிலில் சிரித்துவிட்டேன். அவன் பயந்து நகர்ந்துகொண்டான். ஓவியாவைக் கீழே விட்டுத் தேடினேன். கல் கல்லாகத் தேடினேன். அவளும் சரளையில் என் பின்னாலேயே தவழ்ந்து வந்தாள், முட்டி சிவக்கச் சிவக்க. கிழக்கு ஓரத்தில், ஜேசிபி எட்டாத ஒரு பள்ளத்தில், இரண்டு தூர். மாடு மேய்ந்து விட்ட தூர். கதிர் இல்லை. மணி ஒன்றுகூட இல்லை. அவளுடைய கஞ்சிக் கிண்ணத்தால் தோண்டி, டயப்பர் பையில் வைத்துக் கொண்டுவந்தேன்.

ஒன்று வரும்போதே வாடிவிட்டது. மற்றது பின்கட்டில், பெயிண்ட் டப்பாவில் இருக்கிறது. பிழைக்குமா தெரியவில்லை.

செப்டம்பர் 21

நடைவண்டியை ஓவியா தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றி விளையாடுகிறாள். நாள் முழுக்கச் சுற்றுகிறாள். தள்ளிக்கொண்டு நடக்கத்தான் காணோம். வண்டியை எடுத்து மேலே அட்டத்தில் போட்டுவிட்டு, சுவரோரம் நிற்கவைத்தேன்.

செப்டம்பர் 28

நாற்றுப் பண்ணை மோட்டார் புகைந்துவிட்டது. காயில் கட்ட ஆள் வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளில், கைதட்டல் வாங்கின ஒரே உயரப் பாத்தி ஒரே மாதிரியாகக் காய்ந்தது. நுனி சுருண்டு, வைக்கோலாகி, தொட்டால் சலசலக்கிறது.

சார் பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து ஓர் இலையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "மோட்டார் போனா யாரு என்னம்மா பண்ண முடியும்" என்றார்.

"நாளைக்கு மேல் மேட்டுக்கு எந்த மோட்டார் சார் வரப்போகுது?"

கையிலிருந்த இலையைக் கீழே போட்டார்.

"சொல்லுங்க சார். சித்திரை வெயில்ல, சுக்காங்கல் மேல, அந்தப் புல்லுக்கு யாரு சார் தண்ணி விடுவாங்க? நீங்க பிடுங்கிப் போட்டீங்களே, அது தண்ணி கேக்காத புல்லு. அதுக்குத்தான் அது குட்டை. ஆறு நாள் இல்ல, ஆறு மாசம் உட்டாலும் தூரு உசிரோட கெடக்கும்!"

மாராத்தாவும் மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன்.

எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "மேல் மேட்டுல கால் ஏக்கர் சும்மா உட்டு வெக்கறேன். ஐப்பசி மொத மழை வரைக்கும். அதுக்குள்ள உங்க குட்டையக் கொண்டாந்து போடுங்க. போட்டு, அது நின்னு, அடுத்த வருசம் விதை குடுத்தா மேடு பூரா உங்களுக்கு. இல்லீன்னா மழை அன்னிக்கு நான் என்ற விதையப் போட்டுருவேன். வெறுங்காடா விட முடியாது, மண்ணு அரிச்சுரும்."

நியாயமான பேச்சு. அதுவும் எனக்குக் கோபம்தான். கொண்டுவந்து போட எதை வைத்திருக்கிறேன்? ஒரு பெயிண்ட் டப்பா!

அக்டோபர் 3

நங்கையாவோடு சண்டை. எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் நம் விதி.

சாயங்காலம் ஓவியாவை அழைத்துவந்து சுவரோரம் நிறுத்தினேன். உட்கார்ந்தாள். நிறுத்தினேன். உட்கார்ந்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் நிறுத்தினேன் போலிருக்கிறது. அவள் அழுத குரல் கேட்டு, நங்கையா ஈரக் கையோடு கொல்லை வழியாக ஓடிவந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன கோகிலா பண்ற?"

"என் புள்ள, நான் நடக்க வெக்கறேன். உங்க தர்ஷன் ஓடறான், உங்களுக்கென்ன?"

"அவன் ஓடுனா இவளும் ஓடோணுமா?" குழந்தையின் முட்டியைத் தடவினாள். "அவன் இன்னும் அம்மான்னு ஒரு வார்த்த சொல்லுல தெரியுமா உனக்கு? உன்ற மக என்னைய அத்தேன்னு கூப்பட்டு வாரம் ஒண்ணாச்சு. நானென்ன அவன் வாய நோண்டிட்டா இருக்கறேன்?"

எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

"புல்லு குட்டையா இருக்குதுன்னு புடுங்கிப்போட்டாங்கன்னு ஊரக் கூட்டுன. ஊட்டுக்கு வந்து இதையே இந்த இழு இழுக்கற. சித்தெ பொறு கண்ணு. அது நடக்கறப்ப நடக்கும்."

"நங்கையா, புல்லு வேற, புள்ள வேற. உங்களுக்குப் புரியாது."

"செரி. எனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது ஓவியா அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கையாட்டினாள். டாட்டா. எனக்கு.

அக்டோபர் 4

இன்று சுவரோரம் நிற்க வைக்கவில்லை. நேரமில்லை.

அக்டோபர் 6

நேரமில்லை.

அக்டோபர் 9

பின்கட்டு டப்பாவில் பச்சை தெரிகிறது. வைக்கோல் மாதிரி கிடந்த தூரின் அடியிலிருந்து, ஊசி ஊசியாக மூன்று குருத்து. தண்ணீர்கூடச் சரியாக விடவில்லை. ஓவியா அதன் எதிரில் உட்கார்ந்து, "புல்லு" என்று சொல்லிச் சொல்லி விரலால் குத்திக்கொண்டிருந்தாள். நான் இரைந்துவிட்டு, பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். நங்கையா கொல்லைக் கதவில் வந்து நின்று, "சாப்புட்டீங்களா ரண்டு பேரும்?" என்றாள். இல்லை என்றேன். பணியாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று குருத்தைப் பிரித்து நட்டால் மூன்று தூர். கால் ஏக்கருக்கு அது எந்த மூலைக்கு? தெற்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. வானிலையில் அடுத்த வாரம் என்கிறார்கள். இன்றைக்குச் சார் மேல் மேட்டு வழியாக நடந்து போனார். கால் ஏக்கரைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லியிருக்கிறார். வாக்குத் தவற மாட்டார். மழை விழுந்தால் தன் விதையைப் போடவும் தவற மாட்டார்.

ஆகவே எல்லாப் பக்கத்தையும் இப்போதே படம் எடுத்து அனுப்புகிறேன். உன்மேல் கோபமாக எழுதிய இடத்தை அடிக்கவில்லை. அவர் சொன்னதை நீ சொன்னாயா, பாதி வாக்கியத்தை மட்டும் அவர் காதில் வாங்கினாரா, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். சொல்லியிருந்தால் சண்டை நிச்சயம்.

இப்போது ஒன்றே ஒன்று. கரட்டு விதையில் உன் பாதி, காக்கிக் கவரில், உன் கையெழுத்தில் 'ஓடைக்கரடு, கிழக்குச் சரிவு' என்று எழுதியது, ஃப்ரிட்ஜில் இருக்கிறதா? உலகத்தில் மிச்சம் அதுதான் என்று நினைக்கிறேன். இருந்தால் நாளையே கூரியரில் போடு. வந்ததும் சாம்பலில் புரட்டித் தூவிவிடுவேன். முளைக்கிற அளவுக்கு முளைக்கட்டும். இல்லையென்றாலும் இல்லை என்று சொல்லிவிடு. இந்த மூன்று குருத்தை மேட்டில் எங்கே ஊன்றுவது என்று நான் யோசிக்க வேண்டும்.

மழைக்கு முன்னால் தெரிய வேண்டும், ஷெர்லி. சீக்கிரம் பதில் போடு.